பிரிந்தாரை நினைத்தல் பாசமாமோ?

சென்ற திங்களில் எம் மனைவியாரது ஆட்டைத் திதி எம் இல்லத்தில் நிகழ்ந்தது. வந்திருந்த அன்பர் ஒருவர் யாம் கண்கலங்கியிருத்தலைக் கண்டு, “முப்பொருளுண்மையைப் பிறர்க்கு எடுத்துரைக்கும் நீங்களே இவ்வாறு வருந்தலாமோ? உடம்பு மாயையின் காரியம், நோய் வினையின் பயன், உறவு பாசம். இவற்றை அறிந்தார்க்கு அழுகை ஏது?” என வினவினார். அவர் அன்பினாற் கேட்டாரேயன்றி இகழ்ந்தாரல்லர். அன்று யாம் விடையொன்றும் கூறவியலாது வாளாவிருந்தோம். அவ்வினா எம்மொருவரைப் பற்றியதன்று. சித்தாந்தம் பயில்வார் பலரும் இழவுற்றார் இல்லங்களில் இத்தகைய சொற்களை வழங்கக் காண்கின்றோம். ஆதலின் அதனை ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

அம்மையார் எம்மோடு 34 ஆண்டுகள் இல்லறம் நடத்தினார். சாத்திரப் பயிற்சி மிக உடையாரல்லர். நாடோறும் உலையிலிடும் அரிசியில் ஒரு பிடி எடுத்து அடுக்களை மூலையிலிருந்த மட்கலயத்தில் இடுவார். அது நிறைந்தவுடன் அடியார் பூசைக்கு அனுப்புவார். மாலையில் அண்டை வீட்டுச் சிறுமியர்க்குத் தேவாரம் ஓதுவிப்பார். அவர்கள் பண் பிழைத்தாற் கடிந்துகொள்ளாது, தாமும் உடன் பிழைபடப் பாடி நகைத்துப் பின்னர்த் திருத்துவார். யாம் நூலும் உரையுமாய் அமர்ந்து பொழுது மறந்திருக்குங்கால், “உங்கள் அத்துவிதம் முடிந்ததாயின் எழுந்து வாருங்கள், சோறு ஆறுகின்றது” என்பார்.

அவருக்கு மார்பகத்திற் சிறு கட்டியொன்று தோன்றிற்று. அதனை ஏழு திங்கள் அவர் மறைத்துவைத்தார். அது நோவாதிருந்தது, மகளது திருமணம் அணித்தாயிருந்தது, நாணமும் உடனின்று தடுத்தது. மருத்துவரிடஞ் சென்றபோது அது புற்றுநோயென்பதும், என்பு வரையிற் பரவிவிட்டதென்பதும் புலப்பட்டன. மருந்தும் கதிர்வீச்சு மருத்துவமும் அவர் வாழ்நாளை ஈராண்டு நீட்டித்தன. இறுதி நாட்களில் மருத்துவர் மார்ஃபின் அளித்து நோவைத் தணித்தனர்.

இனி, முதற்கண் வினையைப்பற்றிய சொல்லை ஆராய்வோம். நோயுற்றிருந்த அம்மையாரைக் காண வந்தாருட் சிலர், “எல்லாம் முன்னை வினை, அனுபவித்துத் தீர்க்கவேண்டியதுதான்” என்று கூறிச் சென்றனர். அவர் போயினபின் அம்மையார் எம்மை நோக்கி, “நோவைப் பொறுத்துக்கொள்கிறேன்; நான் என்ன பாவஞ் செய்தேனோ என்று இவர்கள் என்னை உற்றுப் பார்ப்பதைப் பொறுக்க முடியவில்லை” என்றார். வினைக்கொள்கையை நிலைநாட்டிப் பன்முறை பேசிய எமக்கு அவ்வுரை முள்ளெனத் தைத்தது.

பிராரத்தம் உடலூழாய் வந்து நுகரப்படும் என்பது எம் கொள்கையே; அதனை யாம் மறுக்கின்றிலோம். ஆயினும் இன்ன துன்பம் இன்ன வினையின் பயன் என அளந்தறிவார் யாவர்? வினை சடமாதலின் தானே வந்து பொருந்தாது. உயிர் சிற்றறிவினதாதலின் தன் வினையையேனும் பிறர் வினையையேனும் தானே அறியாது. அறிந்து கூட்டுவோன் முதல்வன் ஒருவனே என்பதன்றோ சித்தாந்தம்? அங்ஙனமாக, பிணியாளர் படுக்கையருகே நின்று வினைக்கணக்குக் கூறுவார், முதல்வனுக்கே உரிய அறிவைத் தமக்கு உரியதாக ஏறட்டுக்கொள்கின்றாராவர். அது வினைக்கொள்கையை வழங்குதலன்று, ஆணவத்தின் செயலேயாம்.

அற்றேல், துன்பம் மறக்கருணை என்பது பொய்யோ எனின், பொய்யன்று. அஃது உற்றார் தம்முள்ளே உணரற்பாலது. உறாதார் புறத்தே நின்று ஓதற்பாலதன்று. இதற்குத் திலகவதியாரே சான்றாவார். தம்பியார் புறச்சமயம் புக்கு, சூலையால் வருந்தி மீண்டு வந்து அடிவீழ்ந்தபோது, ‘இது நீ நெறி மாறியதன் பயன்’ என்று கடிந்து அவ்வம்மையார் அவரை விலக்கினாரல்லர். சூலை இறைவன் அருளென உள்ளத்தே உணர்ந்தவர் அவரே. ஆயினும் தம்பியாரை எழுவித்து, திருவைந்தெழுத்து ஓதித் திருநீறு அளித்து, திருவதிகை வீரட்டானத்துட் கூட்டிச் சென்றார். வினையறிந்தார் செயல் அதுவாம். நீறிட்டுக் கைபிடித்து உடன்செல்லுதலே பிணியாளர்க்குச் செய்யத்தகும் உபதேசம் என்க.

இன்னும் ஒன்று கூறாது விடின் இக்கட்டுரை நேர்மையுடையதாகாது. அவ்வேழு திங்களும் அம்மையார் முகவாட்டத்தை யாம் கண்டிருந்தோம், வினவினோமல்லோம். மணவினைக் களைப்பென எண்ணி அமைந்தோம். அதனையும் அவர் பிராரத்தத்தின்மேல் ஏற்றிவிட்டு யாம் அமைதியுறலாம். பல நாள் அவ்வாறு செய்யவும் முயன்றோம். நூல் அதற்கு இடந்தரவில்லை. அவர் நுகர்ந்தது அவர் பிராரத்தமாகலாம். யாம் காட்டிய அசட்டை எம் ஆகாமியமேயாம். பிறர் ஊழைத் தன் குற்றத்திற்குத் திரையாக்குதல் அறநூலாரும் அருணூலாரும் ஒவ்வாதது. ஆகலின் இதனைப் படிப்பார்க்கு ஒன்று விண்ணப்பிக்கின்றோம். மார்பகக் கட்டிகளிற் பல புற்றாவன அல்ல. ஆயினும் நோவில்லையென்று எதனையும் புறக்கணித்தலாகாது. தொடக்கத்திலேயே காணப்படும் மார்பகப் புற்று இக்காலத்துப் பெரும்பாலும் குணமாக்கப்படுகின்றது. மருந்துண்டல் ஊழை மறுத்தலன்று. மருந்தும் மருத்துவரும் முதல்வன் கூட்டுவிக்கும் போகத்துள் அடங்குவனவே.

இனி, பிரிந்தாரை நினைத்தல் பாசமோ என்பது. உறவு உடம்பு பற்றியது. உடம்பு நீங்க உறவும் நீங்கிற்று. நீங்கியதனை நினைத்தல் உயிரைக் கீழ்நோக்கி ஈர்க்கும் என்பர். உயிர் சார்ந்ததன் வண்ணமாந் தன்மையது என்னும் உண்மையே இவ்வாசங்கைக்கு வேர். அவ்வுண்மையைக் கொண்டே விடை கூறுதும். நினைவு எதனைச் சார்கின்றது என்பதே ஆராயற்பாலது; நினைத்தல் நினையாமை அன்று. ‘எமக்கு உணவிடுவார் இலரே, எம் தனிமையைத் தீர்ப்பார் இலரே’ என நினைக்குங்கால் எம் நினைவு எம்மையே சார்கின்றது. அம்மையார் ஆண்டு ஒரு கருவியளவினராய் நிற்கின்றார். அஃது யான் எனதென்னும் செருக்கின் பாற்பட்ட பாசமே, ஐயமில்லை. அவர் வாழ்க்கையில் விளங்கிய அன்பையும் பொறையையும் நினைந்து, அவை எங்கிருந்து வந்தன என உசாவுங்கால், நினைவு அவற்றைத் தந்தோனைச் சார்கின்றது. தனுகரண புவன போகங்களைத் தந்த முதல்வனே வாழ்க்கைத் துணையையும் தந்தான். கொடையை நன்றியோடு நினைத்தல் கொடுத்தோனை மறத்தலாகாது.

திருமயிலையில் நிகழ்ந்ததனைக் காண்க. அரவு தீண்டி இறந்த பூம்பாவையாரின் என்பையும் சாம்பலையும் சிவநேசர் குடத்திலிட்டுக் காத்து வைத்தார். மகளை ஆளுடைய பிள்ளையார்க்கென்றே உறுதிசெய்திருந்தமையின், அக்குடம் அவர்க்கு வெறும் பற்றின் சின்னமாகாது, ஒப்புவித்தற்குரிய பொருளாயிற்று. பிள்ளையாரும், இறந்தவளை ஏன் காத்தாய் என வெகுண்டாரல்லர். அக்குடத்தின்முன் நின்று அவர் அப்பெண்ணின் அழகை எடுத்தோதினாரல்லர். தந்தையின் துயரை எடுத்தோதினாரல்லர். ஐப்பசி ஓணமும், கார்த்திகை விளக்கீடும், மார்கழி ஆதிரையும், தைப்பூசமும், பங்குனி உத்திரமும் ஆகிய விழாக்களைச் சொல்லி, இவற்றைக் காணாது போதியோ என்றே அழைத்தருளினார். பிரிந்தாரை எவ்வாறு நினைத்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த இலக்கணம் யாம் அறியோம். அவர் வாழ்க்கை சிவத்தோடு தொடர்புற்ற இடங்களில் வைத்து அவரை நினைத்தல் வேண்டும்.

அங்ஙனம் நினைக்கும் துயர் செயலற்றுக் கிடப்பதன்று, தொண்டாய் விளையும். மணம் பேசப்பட்டிருந்த கலிப்பகையார் போரில் மாண்டமை கேட்ட திலகவதியார் உயிர்விடத் துணிந்தும், தம்பியார் பொருட்டு அதனைத் தாங்கினார். திருவதிகையில் அலகிட்டும் மெழுகியும் மாலை தொடுத்தும் வாழ்ந்தார். அத்துயரிலிருந்து நாவுக்கரசரை உலகம் பெற்றது. அண்மைக் காலத்தும் இதனைக் கண்டோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தம் தங்கையைப் புற்றுநோயால் 1923ஆம் ஆண்டில் இழந்தார். அவ்விழப்பு முப்பதாண்டு கழிந்தும் அவருள்ளத்தில் மாயாதிருந்து, 1954ஆம் ஆண்டில் அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவ நிலையமாக உருக்கொண்டது. அந்நினைவைப் பாசமென்று கைவிடச் சொல்லியிருப்பின் எத்துணை உயிர்க்குக் கேடாயிருக்கும்!

அம்மையாரது உயிர் இன்று எவ்வுலகத்தில் எவ்வுடம்பு எடுத்ததென யாம் அறியோம். ஆயினும் எங்கும் நிறைந்தோன் திருவடிக்குப் புறம்பாயதோரிடம் இல்லையென்பதை அறிவோம். ஆகவே அவரும் யாமும் ஒருவர்க்கொருவர் அண்மையராவது அத்திருவடியிலன்றிப் பிறிதோரிடத்திலன்று. அவரை நாடி எம் நெஞ்சம் செல்லுந்தோறும் அதனை ஆண்டுச் செலுத்துதலே யாம் மேற்கொண்ட பயிற்சி. கண்ணீர் இன்னும் நின்றபாடில்லை. அது நிற்றல் வேண்டுமென்றும் கருதுகின்றிலோம். அது செல்லும் வழி திருந்துதல் போதும்.

அம்மையார் பிரிந்த பதினேழாம் நாள் அடுக்களையிற் புகுந்தபோது அம்மட்கலயம் அரையளவு நிறைந்திருக்கக் கண்டோம். நோய் முற்றியபின்னும் அவர் பிடியரிசியிடுதலை நிறுத்தினாரல்லர் என்பதை அன்றுதான் அறிந்தோம். அதனை அவ்வாறே மூடிவைத்துப் போற்றலாமோ என ஒருகணம் எண்ணினோம், அது பாசம். மறுநாள் முதல் யாமே உலைவைத்து ஒரு பிடி இட்டுவரலாயினோம். கலயம் இவ்வோராண்டில் பன்முறை நிறைந்து அடியார் பூசைக்குச் சென்றது. அன்பர்க்கு அன்று யாம் கூறாத விடை இதுவேயாம்.

திருச்சிற்றம்பலம்.