கண்ணோட்டமும் குவியமும்

பார்த்தல் கண்ணின் தொழிலா, அன்றி மனத்தின் தொழிலா என்னும் வினா மெய்யியலாளரை நெடுங்காலமாக ஈர்த்து வந்துள்ள ஒன்றாகும். அவ்வினாவைப் பெருநூல்களின் வழியே அன்றி, எமது கல்முனைக் கரையோரத்து இளைஞர் சிலரிடம் இன்று காணப்படும் ஒரு சிறு பொழுதுபோக்கின் வழியே அணுக இக்கட்டுரை முயல்கின்றது. பிலிம் சுருளின் காலத்திற் செய்யப்பட்ட, கையால் வளையத்தைத் திருப்பிக் குவியப்படுத்த வேண்டிய பழைய வில்லைகளைத் தேடிப் பெற்று, அவற்றை இன்றைய எண்முறைக் கமராக்களிற் பொருத்திப் படம் எடுத்து மகிழும் பழக்கமே அது. இப்பழக்கம் என்னையும் பற்றிக்கொண்டது. இம்மகிழ்ச்சி வெறும் இரசனை சார்ந்ததா, அன்றி அதனுள் ஒழுக்கம் சார்ந்த வினா ஏதேனும் உறைந்துள்ளதா என்பதே நாம் இங்கு சிந்திக்க வேண்டியது.

முதலில் பொருளின் தன்மையை விளங்கிக்கொள்வோம். என்னிடம் உள்ளது சோவியத் நாட்டிற் செய்யப்பட்ட ஹீலியோஸ் 44 என்னும் வில்லை. ஜேர்மனியின் சைஸ் நிறுவனத்தாரது பயோட்டார் வில்லையின் அமைப்பைத் தழுவியது. 58 மில்லிமீற்றர் குவியத் தூரம் கொண்டது. 42 மில்லிமீற்றர் விட்டமுள்ள திருகுமரையினால் இது கமராவுடன் இணையும். ஆடி நீக்கப்பட்ட இன்றைய கமராக்களில் வில்லைக்கும் ஒளியுணர் தகட்டுக்கும் இடைப்பட்ட தூரம் குறைவு. ஆதலின் இடையே ஓர் உலோக வளையத்தை வைத்துப் பழைய வில்லையை அதற்குரிய தூரத்தில் நிறுத்த முடிகின்றது. வில்லையின் துவாரத்தை முழுமையாகத் திறந்து, ஒன்றரை மீற்றர் தொலைவிலுள்ள ஒரு முகத்தை 35 மில்லிமீற்றர் பிலிமின் அளவையொத்த தகட்டிற் படமெடுத்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 8 சென்ரிமீற்றர் மாத்திரமே. கண் தெளிந்தால் காது மங்கும். எதனைத் தெளிவிப்பது, எதனை மங்கவிடுவது என்பதை விரல் தீர்மானித்தாக வேண்டும்.

இத்தீர்மானத்தை இயந்திரத்திடம் ஒப்படைக்கும் காலம் 1977இல் வெளிவந்த கொனிக்கா சி35 ஏஎப் கமராவுடன் தொடங்கிற்று. 1985இல் வந்த மினோல்டா 7000 அதனை ஆடிக் கமராக்களிலும் நிலைபெறச் செய்தது. இன்றைய கமராக்களும் கைத்தொலைபேசிகளும் மனித முகத்தைத் தாமே கண்டறிந்து, கண்ணிமைக்கும் பொழுதிற் குவியப்படுத்தி விடுகின்றன.

இவ்விடத்து ஒரு மறுப்பு எழும். பழமையைப் போற்றுதல் வேலையற்றோர் விளையாட்டு என்பதே அது. இதனை எளிதில் ஒதுக்கிவிடுதல் முறையன்று. உப்புக்காற்றும் ஈரப்பதனும் மிகுந்த எமது கரையோரத்தில் பழைய வில்லைகளினுள் பூஞ்சணம் படர்வதும், திருகுகள் துருவேறுவதும் வழமை. கலியாண வீட்டிற் படமெடுப்பவரோ, உதைபந்தாட்டத்தைப் படமெடுப்பவரோ தானியங்கிக் குவியத்தை நாடுவதிற் குற்றம் காண்பது பேதைமை. பார்வை குன்றிய முதியவர் ஒருவர் தம் பேரப்பிள்ளையின் முகத்தைத் தெளிவாகப் படம் பிடிக்க இயந்திரம் உதவுமாயின் அது பேருதவியே. கருவி பழையது என்பதனால் அதனைக் கையாள்பவன் நல்லவன் ஆகிவிடான். ஆகவே பழமையை ஒரு விழுமியமாக முன்வைப்பது இக்கட்டுரையின் கருத்தன்று. பழைய வில்லை ஒரு செயலைத் தாமதப்படுத்துகின்றது. அத்தாமதத்தினுள் எது நிகழ்கின்றது என்பதே எமது வினா.

பஸ்ராவிற் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல் ஹைதம், 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிய 'கிதாபுல் மனாழிர்' என்னும் ஒளியியல் நூலில் இதனை ஆராய்ந்துள்ளார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதாற் காட்சி உண்டாகின்றது என்ற பழங்கொள்கையை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதாலேயே காட்சி நிகழ்கின்றது என நிறுவியவர் அவர். எனினும் அவர் அவ்வளவில் நிற்கவில்லை. ஒளி கண்ணை அடைதல் ஒன்று, கண்டதனை மனம் அறிதல் பிறிதொன்று எனக் கொண்டு, மேலோட்டமாகப் பார்த்தல், ஊன்றி ஆராய்ந்து பார்த்தல் என இருவகைப் பார்வைகளை அவர் வேறுபடுத்தினார். ஊன்றிப் பார்ப்பதற்குக் காலம் வேண்டும். முன்னரே பழகிய பொருளை நாம் ஒரு நொடியில் அறிந்துகொள்வது உண்மையே. ஆயின் அவ்வறிவு பெரும்பாலும் எமது நினைவிலிருந்து எழுவது. ஏழை, மீனவன், அகதி என்று நாம் முன்பே வகுத்து வைத்துள்ள உருவங்களையே விரைவான பார்வை மீட்டும் காண்கின்றது. எதிரே இருப்பவர் அவ்வுருவத்துள் அடங்காதவர் என்பதை அறியச் சற்று நேரம் தேவைப்படுகின்றது.

அவ்வாறாயின் நெடுநேரம் பார்த்தலே அறமாகிவிடுமா? ஆகாது என்பதற்கு எமது நாட்டோடு தொடர்புடைய ஒரு சான்று உண்டு. ஜூலியா மார்கரெட் கமரன் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி 1863இல், தமது 48ஆவது வயதில், முதன்முதலாகக் கமராவைப் பெற்றார். அவரது படங்கள் தெளிவற்றவை எனத் திறனாய்வாளர் சிலர் குறைகூறினர். அவரோ, வில்லையைத் திருப்பிக்கொண்டு போகையில் தம் கண்ணுக்கு அழகெனத் தோன்றிய இடத்தில் நிறுத்தியதாகவும், பிறர் வற்புறுத்தும் தெளிவை நோக்கி மேலும் திருப்பவில்லை என்றும் விளக்கினார். குவியத்தைத் தீர்மானிப்பது யாருடைய உரிமை என்னும் வினாவை அவர் துணிந்து எழுப்பினார் எனலாம். 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே காலமான அவர், இந்நாட்டு மக்களையும் படமெடுத்தார். இங்கிலாந்தில் அவர் எடுத்த டெனிசன், ஹேர்ஷல், டார்வின் ஆகியோரின் முகங்கள் பெயரோடு நிற்கின்றன. 1878இல் அவர் எடுத்த இலங்கைப் படமொன்றோ 'களுத்துறைக் குடியானவர் குழு' என்னும் தலைப்போடு மாத்திரம் நிற்கின்றது. அவர்களை அவர் பொறுமையோடு பார்த்தார் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவர்களின் பெயர் படத்தோடு வந்து சேரவில்லை. ஊன்றிய பார்வையும் ஒருபக்கப் பார்வையாக முடியலாம் என்பதை இது உணர்த்துகின்றது.

இனி எமது கரைக்கு வருவோம். 2004 டிசம்பர் 26ஆந் திகதி வந்த ஆழிப்பேரலையில், இலங்கையில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறையே. இங்கு மாண்டோர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று கரையோரத்து ஊர்கள் எல்லாம் அழிவுற்றன. அன்று அலை கொண்டுபோனவற்றுள் நிழற்படங்களும் அடங்கும். உருவப்படம் பற்றி மார்க்க அறிஞரிடையே அபிப்பிராய பேதம் உண்டு. எம்மவர் பலர் வீட்டுச் சுவரிற் படங்களை மாட்டுவதில்லை. அலுமாரியினுள், துணிகளுக்கு அடியில் வைத்துப் பேணுவர். முதியோர் பலருக்கு, 1972இல் அறிமுகமான தேசிய அடையாள அட்டைக்கென எடுத்த படமே வாழ்நாளில் எடுத்த ஒரே படமாக இருந்தது. அலுமாரியோடு அவையும் போயின.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப் பொழுதில், மருதமுனைக் கடற்கரையில் வலையைப் பொத்திக்கொண்டிருந்த மீனவர் ஒருவரை நான் மேற்குறித்த வில்லையினாற் படமெடுக்க முயன்றேன். ஒளி மங்கிக்கொண்டிருந்தது. அவரது கண்ணைத் தெளிவிக்க எண்ணி வளையத்தை முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டிருந்தேன். கைத்தொலைபேசியாயின் அவர் அறியாமலே எடுத்துக்கொண்டு போயிருப்பேன். என் தாமதம் அவரை நிமிர்ந்து பார்க்க வைத்தது.

"தம்பி, இவ்வளவு நேரமும் என்னத்தப் பார்க்கிறீங்க?"

"உங்கட முகத்தத்தான் காக்கா. தெளிவா வருகுதில்ல."

"எடுக்கிறதுக்கு முதல் என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே?"

நான் வெட்கமுற்றேன். அவர் கோபிக்கவில்லை. அருகில் அமரச்சொல்லிப் பேசலானார். பேரலையில் மகளை இழந்தவர் அவர். அவளது படம் ஒன்றேனும் அவரிடம் இல்லை. "அந்த நாள்ல எத்தின பேர் வந்து எங்களப் படம் எடுத்தாங்க. எங்கட கையில ஒண்டுமில்ல" என்றார். உலகெங்கும் இக்கரையின் துயரம் படமாகப் பரவிய அந்நாட்களில், படத்தினுள் இருந்தோருக்கு அதன் ஒரு பிரதியேனும் வந்து சேரவில்லை என்பதே அக்கூற்றின் பொருள். அதற்கு விடைகூற என்னிடம் சொல் இருக்கவில்லை.

அவரது அனுமதியோடு பின்னர் நான்கைந்து படங்கள் எடுத்தேன். பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டேன். அடுத்த வாரம் அவற்றை அச்சிட்டு எடுத்துச் சென்றபோது, குவியம் தவறிவிட்டதென நான் ஒதுக்கிய படம் ஒன்றும் தவறுதலாக அவற்றுள் கலந்திருந்தது. அதில் முகம் மங்கி, அவர் விரல்களுக்கிடையிலிருந்த வலை முடிச்சு மாத்திரம் தெளிந்திருந்தது. அவர் அதனையே தெரிந்தெடுத்தார். "முகம் எனக்குத் தெரிஞ்சதுதானே தம்பி. இந்த முடிச்சு எங்கட வாப்பா பழக்கித் தந்தது" என்றார்.

இந்நிகழ்ச்சியில் என் நற்குணம் என்று சொல்வதற்கு ஏதுமில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் அவரைக் கேட்கவில்லை, அவரே கேட்டார். நான் தெளிவு எனக் கருதியது அவருக்கு முக்கியமாக இருக்கவில்லை. வில்லையின் மந்தம் எனக்குச் செய்த உதவி, என் செயலுக்குள் மற்றொருவர் நுழைவதற்கு ஓர் இடைவெளியைத் திறந்து விட்டமையே. விரைவு அவ்விடைவெளியை மூடிவிடுகின்றது. அதே வேளை, கேட்க விரும்பாதவனுக்கு மந்தமான வில்லையும் பயன்படாது. தூரத்தில் மறைந்து நின்று ஒரு பெண்ணை நெடுநேரம் குவியப்படுத்துபவனின் பொறுமை பொறுமையன்று. அது களவின் மற்றொரு வகை. ஆகவே பொறுத்தலோடு கேட்டலும், பெற்ற உருவத்தை உரியவரிடம் மீளக் கொண்டு சேர்த்தலும் சேரும்போதே பார்த்தல் அறமாகின்றது எனத் துணியலாம்.

தமிழில் 'பொறுமை', 'பொறுப்பு' ஆகிய இரு சொற்களும் 'பொறு' என்னும் ஓரடியாகப் பிறந்தவை. காத்திருத்தலையும் சுமத்தலையும் எம் மொழி ஒரே வேரில் வைத்துள்ளது. 'கண்ணோட்டம்' என்னும் சொல்லும் இவ்வகையில் நோக்கற்பாலது. இன்று அச்சொல்லை ஒருவரது கருத்து நிலை என்னும் பொருளில் வழங்குகின்றோம். திருக்குறளின் 58ஆம் அதிகாரத்துக்குத் தலைப்பாக நிற்கும் கண்ணோட்டமோ, பிறர்மீது கண் ஓடுதலால் உண்டாகும் இரக்கத்தைக் குறிப்பது. பார்வை தன்னிடத்தே நின்றுவிடாமல் எதிரே இருப்பவரிடம் ஓடிச் சேர வேண்டும் என்பது அச்சொல்லின் உட்கிடை. 'என் கண்ணோட்டம்' என்று இன்று நாம் பேசும்போது அச்சொல்லிலிருந்து இரக்கம் கழன்றுவிடுகின்றது. எஞ்சுவது நாம் நிற்கும் இடம் மாத்திரமே.

பழைய வில்லையின் வளையத்தைத் திருப்புவதில் எனக்குள்ள மகிழ்ச்சி இன்றும் குறையவில்லை. மங்கலிலிருந்து ஓர் உருவம் மெல்ல மெல்லத் தெளிந்து எழும் கணம் இனியதே. அவ்வினிமையைக் குற்றமெனக் கருதி விலக்க வேண்டியதில்லை. ஆயின் என் எதிரே தெளிந்து எழுவது எனக்கென ஆக்கப்பட்ட காட்சியன்று, பெயரும் தந்தையும் மகளும் உடைய ஒரு மனிதர் என்பதை அம்மகிழ்ச்சி மறக்கலாகாது. இப்போதெல்லாம் கடற்கரைக்குச் செல்லும்போது கமராவை முதலில் எடுப்பதில்லை. சலாம் கூறிய பின்னரே வில்லையின் மூடியைத் திறக்கின்றேன். பலர் இசைவர், சிலர் மறுப்பர். மறுத்தவர்களோடு பேசிவிட்டு, படம் இல்லாமலே வீடு திரும்பிய மாலைகளும் உண்டு. அவர்களின் முகங்களும் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன.