கட்டிலருகே மேடை வேண்டாம்!



கடல் கடந்து சென்று, முகம் அறியாத மக்களின் பிணி தீர்க்க வேண்டும் என்ற வேட்கை நம் இளைஞர் சிலரிடம் இன்று அரும்பியிருக்கிறது. சிங்கப்பெருமாள் கோயிலிலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் பிறந்து, 1965இல் தோன்றிய செங்கற்பட்டு மருத்துவக் கல்லூரியில் பயின்று, போரும் பஞ்சமும் வாட்டும் நாடுகளுக்குத் தொண்டராகப் புறப்பட எண்ணும் பிள்ளைகளை நினைக்கும்போது நெஞ்சு நிமிர்கிறது. ஏர் பிடித்தவனின் பேரன் ஊசி பிடித்திருக்கிறான். எழுத்தறியாப் பாட்டியின் பேத்தி நாடி பார்க்கிறாள். அந்தக் கை இன்னொரு நாட்டானின் கண்ணீர் துடைக்க நீளுகிறது என்றால், அது நம் இயக்கம் கனவு கண்ட நாள் அன்றோ!

புறப்பாட்டுக்கு முன் ஆயத்தம் வேண்டும். என்ன ஆயத்தம்? வீட்டிலே ஒரு பட்டியல் எழுதப்படுகிறது. நல்ல நாள் பார்க்கப் பஞ்சாங்கம். பயணத் தடை நீங்கப் பாறைக் குகையிலே வீற்றிருக்கும் நரசிங்கருக்கு அர்ச்சனை. கையிலே கட்ட மஞ்சள் தோய்த்த காப்புக் கயிறு. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றின் வாயிலில் அந்த மஞ்சள் கயிற்றை எவரும் கேட்பதில்லை. மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்ட சான்றிதழைத்தான் கேட்கிறார்கள்! கடல் கடந்தால் சாதி கெடும் என்று விதித்தன பௌதாயனம் போன்ற தரும சூத்திரங்கள். மாமல்லபுரத்துக் கரையிலிருந்து மரக்கலம் செலுத்தியவர்களின் வழிவந்தோர்க்கு அந்த விதியா? அதைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. செத்த பாம்பை அடிப்பானேன்?

விடை கூற வேண்டிய வினாக்கள் வேறு மூன்று உண்டு. முதல் வினா எதிர்த்தரப்பிலிருந்து வருவது: "கடவுள் இல்லை, மறுபிறப்பு இல்லை, மோட்சம் இல்லை என்கிறீர்களே, பின் எதன்பொருட்டு அயலானுக்காக உயிரைப் பணயம் வைக்கிறீர்கள்?" இரண்டாவது, நம் தோழர்களே கேட்பது: "இங்கே நோயாளி இல்லையா, அங்கே எதற்குப் போகிறாய்?" மூன்றாவதை எவரும் நம்மைக் கேட்பதில்லை, நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்: "பகுத்தறிவாளனாகிய நான், கடவுள் நம்பிக்கையிலே ஊறிய மக்களின் கட்டிலருகே எப்படி நிற்பேன்?"

முதல் வினாவைப் பார்ப்போம். நோய் முன்வினையின் பயன் என்பவன், அதைத் தீர்க்க முற்படுவதே தன் கடவுளின் தீர்ப்பிலே தலையிடுவதாகும் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. மேலும், எழு பிறப்பு உண்டென்பவனுக்கு ஒரு குழந்தையின் சாவு ஓர் இடைவேளை. ஒரே பிறப்பு என்று அறிந்தவனுக்கோ அது மீளா இழப்பு. அந்தக் குழந்தைக்கு ஈடாக எந்த உலகிலும் எதுவும் இல்லை என்று அறிந்தவன்தான் அதைக் காக்க ஓடோடிச் செல்ல வேண்டியவன்.

1938இல், சப்பானியத் தாக்குதலுக்கு ஆளாகியிருந்த சீனத்துக்கு இந்தியாவிலிருந்து ஐந்து மருத்துவர்கள் போனார்கள். மதம் பரப்பப் போனவர்களல்லர். செல்வம் சேர்க்கப் போனவர்களுமல்லர். அடிமைப்பட்டுக் கிடந்த ஒரு நாடு, தாக்கப்பட்ட இன்னொரு நாட்டுக்கு நீட்டிய கை அது. அவர்களுள் ஒருவர், மராட்டியத்துச் சோலாப்பூரில் பிறந்த துவாரகநாத் கோட்னிஸ். அவர் சீன மொழி கற்றார். போர்முனையில் அறுவை செய்தார். மருத்துவமனைத் தலைவராக இருந்து மாணவர்க்குப் பயிற்சி அளித்தார். 1942 டிசம்பர் 9 அன்று, 32 வயதில், அந்த மண்ணிலேயே மறைந்தார். அந்த இழப்பின் அளவை அறிந்துகொண்டே புறப்படுவதுதான் துணிவு. 2015 அக்டோபர் 3 அன்று ஆப்கானிஸ்தானத்துக் குண்டூஸ் நகரில், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் மருத்துவமனை மீது அமெரிக்க விமானம் குண்டு பொழிந்தது. நோயாளர், மருத்துவர், பணியாளர் என 42 பேர் மாண்டனர். ஆகவே, தம்பி, தாயிடம் "ஆபத்தே இல்லை" என்று பொய் சொல்லிப் புறப்படாதே. உண்மையைச் சொல், அவள் அழுதால் அருகிலிரு. கயிறு கட்ட வந்த கையைத் தட்டி விடாதே. அந்தக் கையின் அச்சத்துக்கு உன் அறிவாலும் அன்பாலும் விடை சொல். இதுவும் ஆயத்தத்தின் ஒரு பகுதியே.

இரண்டாவது வினா, "இங்கே நோயாளி இல்லையா?" நியாயமான கேள்வி. ஏழையின் வரிப்பணத்திலே படித்தவன் ஏழையை மறந்து பறக்கக் கூடாது. ஆயினும் விடை தேடத் தொலைவு போக வேண்டாம். சிங்கப்பெருமாள் கோயிலில் இரயில் ஏறினால் அடுத்தது பரனூர். அதை அடுத்துச் செங்கற்பட்டு. அதன் அருகே திருமணி. அங்கே 1924இல் லேடி வெலிங்டன் பெயரால் தொழுநோயாளர்க்கு ஓர் இல்லம் எழுந்தது. 1955இல் ஒன்றிய அரசு அதை ஏற்றுப் பயிற்சியும் ஆராய்ச்சியும் நடத்தும் மைய நிலையமாக்கியது. தொழுநோயைத் தெய்வ தண்டனை என்று சொல்லி, பெற்ற மகனையே ஊருக்கு வெளியே தள்ளிய சமுதாயம் இது. நரசிங்கரின் நெற்றியிலே மூன்றாம் கண்ணைக் காட்டுகிறார் அர்ச்சகர். 1873இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹேன்சன் நுண்ணோக்கி என்னும் மூன்றாம் கண்ணாலே பார்த்தார். தொழுநோய்க்குக் காரணம் பாவமன்று, கிருமி என்று கண்டார். எந்தக் கண் நோயாளிக்குப் பயன்பட்டது?

1940களில் திருமணியில் பணியாற்றிய பிரிட்டிஷ் மருத்துவர் ராபர்ட் காக்ரேன், தொழுநோய்க்குச் சல்போன் மருந்தைக் கையாண்ட முன்னோடிகளுள் ஒருவர். 1947இல் அவர் அழைப்பின்பேரில் வேலூரிலிருந்து அங்கே வந்தார், எலும்பு அறுவை மருத்துவர் பால் பிராண்ட். கொக்கிபோல் மடங்கிய விரல்களைக் கண்டார். ஒரு நோயாளியின் கைக்குள் தம் கையைக் கொடுத்து, அழுத்தச் சொன்னார். பிடி, இரும்புப் பிடியாக இருந்தது! செத்த கை என்று உலகம் ஒதுக்கிய கையினுள்ளே வலிய தசை உயிரோடிருந்தது. நல்ல தசைநாணை இடம் மாற்றிப் பொருத்தி விரலை விரிய வைக்கும் அறுவை முறை வேலூரில் வளர்ந்ததற்கு அந்தக் கைப்பிடியே தொடக்கம். விரல்கள் தாமே அழுகி உதிர்வதில்லை. உணர்விழந்த கை, சுடுகலத்தையும் கூர்ங்கருவியையும் வலி அறியாமல் பற்றிப் புண்பட்டுத் தேய்கிறது என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. தொடத் துணிந்தார், ஆதலால் கேள்வி பிறந்தது. கேள்வி பிறந்தது, ஆதலால் வழி பிறந்தது.

அவர்கள் கொடுத்தார்கள், நாம் பெற்றோம் என்று மட்டும் எண்ணிவிடாதே. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையத்திலே, நம் ஏழை நோயாளர்கள் பங்கேற்ற ஆய்வொன்றுதான், நல்ல மருந்து தவறாமல் கிடைத்தால் வீட்டிலிருந்தே குணம் பெறலாம், சானடோரியம் தேவையில்லை என்று உலகுக்குக் காட்டியது. 1968இல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்திலே தொடங்கிய பி.சி.ஜி. ஆய்விலே இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். பெரியவர்களுக்கு நுரையீரல் காசநோய் வராமல் அந்த ஊசி தடுக்கவில்லை என்ற கசப்பான உண்மை வெளிவந்தது. குழந்தைகளைத் தாக்கும் கடுமையான காசநோய் வகைகளைத் தடுப்பதால் அது இன்றும் குழந்தைகளுக்குப் போடப்படுகிறது. எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்று பிரித்துச் சொன்னது நம் மாவட்டம். அறிவுக்குத் தாய்நாடு இல்லை. வாங்கியவனும் கொடுத்தவனும் மாறி மாறி வருகிறார்கள். நீ வெளிநாடு போவது கொடையன்று, கைமாற்று.

ஆனால் தோழர்களின் கேள்வியிலே இருக்கும் நியாயத்தை விட்டுவிடாதே. திருமணியிலே கை கொடுக்கத் தயங்குபவன் காங்கோவிலே என்ன செய்வான்? சொந்த ஊர்ச் சேரிக்குள் நுழையாத மருத்துவன், சூடானின் அகதி முகாமிலே சமத்துவம் பேசினால் அது வேடம். சிவப்புத் தோலை அழகென்றும் கறுப்புத் தோலைக் குறையென்றும் பெண் பார்க்கும் வீட்டிலே வளர்ந்தவன், அந்த அழுக்கைக் கழுவாமல் ஆப்பிரிக்க மண்ணிலே கால் வைக்கலாமா? ஆகவே முதலில் ஓர் ஆரம்பச் சுகாதார நிலையத்திலே சில ஆண்டு பணி செய். மின்சாரம் போன இரவில் பேறுகால வலியோடு வருபவளைக் கவனி. மருந்து தீர்ந்த நாளில், இருப்பதைக் கொண்டு என்ன செய்யலாம் என்று கற்றுக்கொள். படிக்க வைத்த மக்களுக்குச் செலுத்தும் கடனும் அதுவே, அயல்நாட்டுக்குப் பெறும் பயிற்சியும் அதுவே.

இனி மூன்றாவது வினா. அமெரிக்க நாட்டு மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். மானிப்பாயில் மருத்துவமனை நடத்தினார். தமிழ் கற்றார். ஆங்கிலத்தில் பயிற்றிய மாணவர்கள் அரசு வேலை தேடிச் சென்றுவிடுவதைக் கண்டு, 1864இல் தமிழிலேயே மேலை மருத்துவம் பயிற்றத் தொடங்கினார். உடற்கூறு, அறுவை, பிள்ளைப்பேறு, வேதியல் என நூல் பல அவர் முயற்சியால் தமிழில் வந்தன. அவரிடம் பயின்று மருத்துவரானோர் அறுபதுக்கு மேற்பட்டவர். தமிழிலே மருத்துவம் முடியுமா என்று இன்றும் உதடு பிதுக்குவோரே, நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன் ஓர் அமெரிக்கர் முடித்துக் காட்டினார்! அயல்நாட்டுக்குப் போகும் உனக்கு அவர் வைத்துச் சென்ற முதற்பாடம் இது: அந்த மக்களின் மொழியைக் கல். "எங்கே வலிக்கிறது?" என்று அவன் மொழியிலே கேட்கத் தெரியாதவனுக்குப் பாதி நோய் தெரியாது.

ஆனால் கிறீன் சமயப் பணியாளராகவும் வந்தவர். மருந்தோடு மதமும் வந்தது. நோயுற்றவனிடம் மதம் பேசுவது முறையா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு, கேட்டும் இருக்கிறோம். கேட்டவர்கள் நாம் என்பதனாலேயே நமக்கு ஒரு கட்டுப்பாடும் உண்டு. மருந்தின் விலையாக நம்பிக்கையைக் கேட்பது தவறென்றால், மருந்தின் விலையாக நம்பிக்கையின்மையைக் கேட்பதும் தவறே!

நம் பொதுக்கூட்டத்திலே பேச்சுப் பிடிக்காதவன் எழுந்து போகலாம், எதிர்க்கேள்வி கேட்கலாம், மறுநாள் எதிர்க்கூட்டமும் போடலாம். அவன் நமக்குச் சமமானவன். ஆகவே அங்கே வாதம் அறம். குளுக்கோஸ் ஏறும் கையோடு கட்டிலிலே கிடப்பவன் எங்கே எழுந்து போவான்? உன்னை மறுத்தால் மருந்து குறையுமோ என்று அஞ்சுபவன் உன்னோடு எப்படி வாதிடுவான்? அவன் தலையாட்டினால் அது தெளிவன்று, அச்சம். அச்சத்தால் பெற்ற இசைவைப் பகுத்தறிவின் வெற்றி என்று சொல்லிக்கொள்வோமானால், புரோகிதனுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு? எனவே கட்டிலருகே மேடை வேண்டாம். அவன் கழுத்துத் தாயத்து உன் கண்ணை உறுத்தினால், உறுத்தட்டும். தாயத்து அவனைக் கொல்லாது. புண்ணின்மேல் சாணம் பூசினால் கொல்லும். கொல்லுவதை மட்டும் தடு, காரணத்தையும் விளக்கு. ஏளனம் செய்யாதே.

ஏளனமின்றி எதிர்க்க முடியுமா? முடியும். ஆர்க்காடு என்னும் ஊர்ப்பெயரைத் தம் பெயரோடு சுமந்த மருத்துவர் ஏ. ஜி. ரங்கராஜ், 1950இல் கொரியப் போருக்கு இந்தியா அனுப்பிய மருத்துவப் படைப்பிரிவின் தலைவர். போரிடும் படையை அனுப்ப மறுத்து, மருந்துப் பெட்டியை மட்டும் அனுப்பியது அன்றைய இந்தியா. அதே ரங்கராஜ் பின்னர், உலகச் சுகாதார நிறுவனத்தின் சார்பில், ஆப்கானிஸ்தானத்திலே பெரியம்மை ஒழிப்புப் பணியில் ஈடுபட்டார். நோயாளியின் அம்மைச் சீழை எடுத்துப் பிறர்க்குக் குத்தும் நாட்டு மருத்துவர்கள் அங்கே ஊர் ஊராகத் திரிந்தார்கள். அதனாலும் நோய் பரவியது. அவர்களைத் தேடிக் கண்டு, அந்தப் பழக்கத்தை விடச் செய்வதும் பணியின் ஒரு பகுதியாயிற்று. நம் ஊரிலே மாரியாத்தாளின் விளையாட்டு என்று வேப்பிலை கட்டி வணங்கிய அந்த நோயின் கதை, 1977இல் சோமாலியாவிலே முடிந்தது. 1980இல் உலகெங்கும் ஒழிந்தது என்று அறிவிக்கப்பட்டது. வீடு வீடாக நடந்த கால்கள்தாம் அதை ஒழித்தன. ஒரு சொற்பொழிவும் சாதிக்காத பகுத்தறிவுப் பரப்புரை அது!

இன்னொன்றும் சொல்லவேண்டும். பிழைத்தெழுந்தவன் உன் காலைத் தொட வருவான். "தெய்வம்போல் வந்தாய்" என்பான். இந்த இடத்திலேதான் பகுத்தறிவாளனுக்குப் பெரிய சோதனை. கல்லைக் கடவுளாக்கியதை எதிர்த்தவன், தான் கடவுளாக்கப்படும்போது வாய்மூடி நிற்கலாமா? அவனைத் தூக்கி நிறுத்து. எந்த மருந்து வேலை செய்தது, எந்த நீர் நோய் தந்தது என்று அவனுக்குச் சொல். அந்த ஊர்ப் பெண்ணொருத்திக்கு ஊசி போடக் கற்றுக்கொடு. அந்த ஊர் இளைஞனுக்குப் புண் கட்டக் கற்றுக்கொடு. கிறீன் 1873இல் யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்றார். அவருடைய மாணவர்கள் அங்கேயே இருந்தார்கள். தொண்டனின் தரத்தை அளக்கும் கோல் அதுதான்: அவன் போன பிறகு எத்தனை கைகள் அந்த வேலையைச் செய்கின்றன?

கணியன் பூங்குன்றனின் பாட்டை நாம் மேடைதோறும் முழங்குகிறோம். முழக்கம் போதும், அதை நடந்து காட்டும் கால்கள் வேண்டும். தம்பி, தங்காய், பெட்டியிலே மருந்தை அடுக்கு; நாவிலே அவர்கள் மொழியை ஏற்று; நெஞ்சிலிருந்து சாதியையும் நிறவெறியையும், "நான் தருபவன்" என்னும் செருக்கையும் இறக்கி வை. தோழனாகப் போ, தேவையற்றவனாகித் திரும்பி வா. உன்னைத் தேடாமலே அந்த ஊர் தன் நோயாளியைக் காத்துக்கொள்ளும் நாள்தான் உன் வெற்றித் திருநாள்!