போர்க்கால அரசனும் பார்வையாளரின் தீர்ப்பும்

போர்க்காலத்தில் நாட்டை ஆண்ட ஒருவனைப் பற்றிய நாடகத்தைப் பார்த்து முடித்தவர், அவன் செய்தது சரியென்றோ தவறென்றோ தீர்ப்புச் சொல்லும் உரிமையை எங்கிருந்து பெறுகிறார் என்ற கேள்வி, கலை ரசனை சார்ந்ததாகத் தோன்றினாலும் அடிப்படையில் அறவியலுக்கு உரியது. தமிழ்நாட்டில் இக்கேள்வி மிக விரிவாக எழும் இடம் பாரதக் கதை. 1988 அக்டோபர் 2 முதல் 1990 ஜூன் 24 வரை தூர்தர்ஷன் 94 பகுதிகளாக ஒளிபரப்பிய பி. ஆர். சோப்ராவின் தொடரும், 2013இல் தொடங்கி விஜய் தொலைக்காட்சி தமிழ்க் குரலில் வழங்கிய பிற்காலத் தொடரும் தருமனை வீட்டுக் கூடத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தின. அதற்குப் பல தலைமுறைகள் முன்பிருந்தே, ஆம்பூருக்கும் வேலூருக்கும் இடையே பாலாற்றை ஒட்டிக் கிடக்கும் மாதனூர் வட்டாரத்தை உள்ளடக்கிய பழைய வட ஆர்க்காட்டு நிலப்பகுதியில், திரௌபதி அம்மன் கோயில்களின் அக்னி வசந்த விழா அதே தருமனை ஊர் நடுவே நிறுத்தி வந்திருக்கிறது. பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் தெருக்கூத்து, நிறைவு நாளில் துரியோதனன் படுகளம், பின்னர் தீமிதி என்று நாள்கணக்கில் நீளும் அவ்விழாவில் பார்வையாளருக்கு உள்ள இடம், தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருப்பவருக்கு உள்ள இடத்திலிருந்து பெரிதும் வேறுபட்டது.

தருமனைப் பற்றிய கருத்துகள் தமிழரிடையே என்றும் ஒருமித்ததில்லை. மனைவியைப் பணயம் வைத்த சூதாடி என்பாரும், பொறுமையின் வடிவம் என்பாரும் ஒரே திண்ணையில் அமர்ந்து வாதிட்டிருக்கிறார்கள். 1964இல் வெளிவந்த ‘கர்ணன்’ திரைப்படத்துக்குப் பின் பலருடைய இரக்கம் எதிரணியில் நின்ற கொடையாளியின் பக்கமே சாய்ந்தது. ஆயினும் எல்லா வாதங்களும் வந்து முட்டும் இடம் ஒன்று உண்டு. துரோணரை வெல்ல வேறு வழியில்லாத நிலையில், அசுவத்தாமன் இறந்தான் என்று தருமன் உரக்கச் சொல்லி, இறந்தது யானை என்பதைத் துரோணர் செவியில் விழாதபடி சொல்கிறான், மகன் மாண்டான் என்று நம்பிய தந்தை படைக்கலத்தைக் கீழே வைக்கிறார், கொல்லப்படுகிறார். அதுவரை நிலத்துக்கு நான்கு விரல் மேலே ஓடிய தருமனின் தேர் அன்று மண்ணில் இறங்கியது என்று வியாச பாரதம் சொல்கிறது.

இச்செயலுக்கு ஆதரவாகத் தமிழ்ப் பார்வையாளர் பெரும்பாலும் துணைக்கு அழைப்பது திருக்குறளை. குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவர் கூறியிருப்பது உண்மை. ஆனால் அதே அதிகாரத்தின் முதற்குறளில் அவர் வாய்மையை வரையறுக்கும் முறையைச் சேர்த்துப் படித்தால் வழக்கு தருமனுக்கு எதிராகத் திரும்புகிறது. எவ்வுயிர்க்கும் தீங்கு சிறிதும் பயக்காத சொல்லே வாய்மை என்பது அவர் வகுத்த இலக்கணம்; நடந்ததை நடந்தபடி சொல்வது மட்டும் அவருக்குப் போதாது. அவ்வாறாயின் தருமன் முணுமுணுத்த ‘யானை’ என்ற சொல் நிகழ்ச்சிக்குப் பொருந்திய சொல்லாக இருந்தும் வாய்மை ஆகாது, ஏனெனில் அது ஒரு கொலைக்கு மறைப்பாக நின்றது. அவன் உரக்கச் சொன்ன பாதி, வாய்மையின் இடத்தைப் பெறும் பொய்யும் ஆகாது, ஏனெனில் அதன் பயன் குற்றமற்ற நன்மை அன்று. போரை முடித்துப் பல உயிர்களைக் காக்க அது உதவியது என்று வாதிடலாம். அவ்வாதம் அச்செயலின் தேவையைக் காட்டுமே தவிர அதன் குற்றத்தைக் கழுவாது.

தேவையான செயல் குற்றமாகவும் இருக்கக்கூடும் என்ற இந்நிலையை அமெரிக்க அரசியல் மெய்யியலாளர் மைக்கேல் வால்சர் 1973இல் எழுதிய கட்டுரையொன்றில் ‘அழுக்குப் படிந்த கைகள்’ என்ற பெயரால் ஆராய்ந்தார். பொதுநலனுக்காகத் தவறு செய்ய நேர்ந்த தலைவன், செய்ததைச் சரியென்று நியாயப்படுத்தி விலகிவிடாமல், தவறு செய்தோம் என்ற சுமையைத் தாங்குபவனாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது குடியரசுத் தலைவராக இருந்த ஆபிரகாம் லிங்கன் 1861இல், காவலில் வைக்கப்பட்டவரை நீதிமன்றத்தின் முன் நிறுத்தக் கோரும் உரிமையை, நாடாளுமன்றம் கூடாத வேளையில் இடைநிறுத்தினார். 1865 மார்ச் 4ஆம் நாள் இரண்டாம் முறை பதவியேற்றபோது ஆற்றிய உரையில், வெற்றி கைக்கெட்டும் தொலைவில் இருந்தும், அடிமைமுறை என்ற குற்றத்துக்காக வடக்கு, தெற்கு இரண்டின் மேலும் இறைவன் இப்போரைச் சுமத்தியிருக்கலாம் என்றே பேசினார். வெல்லும் பக்கத்தின் தலைவன் தன் பக்கத்தையும் குற்றத்தில் சேர்த்துக்கொண்ட இந்த அரிய உரை, போர் முடிந்தபின் அரியணை வேண்டாமென்று கலங்கிய சாந்தி பருவத்துத் தருமனை நினைவூட்டுகிறது.

தலைவன் சுமையைத் தாங்க வேண்டும் என்று கேட்கும் உரிமை பார்வையாளருக்கு உண்டா என்பதே இனி நோக்கத்தக்கது. பாரதமே இருவகைப் பார்வையாளரைப் படைத்து இதற்கு விடை தேட இடம் தருகிறது. ஒருவர் திருதராட்டிரர். சஞ்சயன் அருகிருந்து சொல்லச் சொல்லப் போரை அரண்மனையில் இருந்தபடியே அறிகிறார், பதறுகிறார், பிறரைக் குறை கூறுகிறார். ஆனால் அப்போரைத் தொடங்கும் முன்பே நிறுத்தும் அதிகாரம் அவரிடமே இருந்தது. மற்றவன் அரவான். வியாச பாரதத்தில் போரின் எட்டாம் நாள் களத்தில் மடியும் இவனைத் தமிழ் மரபு, பாண்டவர் வெற்றிக்காகப் போருக்கு முன்னரே காளிக்குக் களப்பலியாகக் கொடுக்கிறது. போர் முழுவதையும் காணும் வரத்தைப் பெற்று, அவனது வெட்டுண்ட தலை பதினெட்டு நாளும் களத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று கூத்தும் கோயில் வழக்கும் சொல்கின்றன. வெற்றிக்கு விலையாகக் கொடுக்கப்பட்டவனையே போரின் சாட்சியாக அமர்த்திய இக்கற்பனை தமிழ் அறச்சிந்தனையின் பேருயரங்களுள் ஒன்று.

தொலைக்காட்சித் தொடர் தன் பார்வையாளரைத் திருதராட்டிரரின் இடத்தில் அமர்த்துகிறது என்று சொல்வது கடுமையாகத் தோன்றலாம். சோப்ரா தொடருக்கு உரையாடல் எழுதிய உருது, இந்தி எழுத்தாளர் ராஹி மாசூம் ரசா, காலத்தையே கதைசொல்லியாக்கிப் பேசவைத்தார். இசுலாமியராகப் பிறந்த ஒருவர் அக்கதையைத் தம்முடையதாகவே கருதி எழுதியது இந்தியப் பண்பாட்டின் பெருமைகளுள் ஒன்று. ஆயினும் முடிவை முன்பே அறிந்த காலத்தின் குரலோடு சேர்ந்து பார்ப்பவர், எதையும் அறியாமல் முடிவெடுக்க நேர்ந்த அரசனின் இருளை அனுபவிப்பதில்லை. பொய் பலித்தது என்று தெரிந்தபின் அதை மன்னிப்பதும், பலிக்காதிருந்தால் அதையே பழிப்பதும் எளிது. அத்தீர்ப்பு விளைவைப் பற்றியதே அன்றிச் செயலைப் பற்றியதாகாது.

படுகளத்தில் இவ்வசதி குறைகிறது. களிமண்ணால் பேருருவமாகச் செய்து கிடத்தப்பட்ட துரியோதனன் தொடை பிளந்து வீழ்ந்ததும், திரௌபதியின் சபதம் நிறைவேறிக் கூந்தல் முடிக்கப்படுகிறது. அதே களத்தில் அவன் மனைவி பெருந்திருவாளின் ஒப்பாரியும் எழுகிறது. பகைவன் வீழ்ந்ததற்கு மகிழ்ந்த கூட்டம் அவனுக்காக எழும் அழுகையையும் கேட்டாக வேண்டும். காப்புக் கட்டி நோன்பிருந்தவர்கள் அன்றே தீயில் இறங்குகிறார்கள். கொலை நிகழ்ந்த கதைக்குப் பின் பார்த்தவரே தம் உடலைத் தீக்கு ஒப்படைத்துத் தூய்மை வேண்டுகிறார் என்று இச்சடங்கைப் பொருள்கொள்வது பொருந்தும். வில்லிபுத்தூராரின் பாரதம் பத்துப் பருவங்களோடு சௌப்திக பருவத்தில் முடிந்து, தருமனின் துயரமும் வீடுமரின் அறிவுரையும் வரும் பகுதிகளைப் பாடாமல் விட்டது. அந்த இடைவெளியை நூலளவில் பிற்காலத்து நல்லாப்பிள்ளை நிரப்பினார் என்றாலும், ஊரளவில் நிரப்பியது தீமிதியே எனலாம்.

இந்நிலப்பகுதிக்குப் போர்க்கால அரசர்கள் கதையில் மட்டும் வந்தவர்களல்லர். 1749 ஆகஸ்டு 3ஆம் நாள் ஆம்பூர்ப் போரில் ஆர்க்காட்டு நவாப் அன்வருதீன் கான், சந்தா சாகிப், முசாபர் ஜங் ஆகியோரின் படையையும் அவர்களுக்குத் துணைவந்த பிரெஞ்சுப் படையையும் எதிர்த்து உயிர்விட்டார். அக்காலத்துக் குடிமக்கள் தங்களை ஆள்பவர் யார் என்பதில் கருத்துச் சொல்லும் இடத்தில் இல்லை. இன்று ஆம்பூரிலும் மாதனூரிலும் தோல் பதனிடும் தொழிலில் ஒன்றாக உழைக்கும் இந்துவும் இசுலாமியரும் கிறித்தவரும் வாக்குரிமை உடையவர்கள். போர்க்காலத் தலைவனை அமர்த்துவதிலும் நீக்குவதிலும் அவர்களுக்குப் பங்குண்டு. ஆகவே திரையில் காணும் ஆட்சியாளன் மேல் அவர்கள் சொல்லும் தீர்ப்பில், தாங்கள் கொடுத்த அதிகாரத்தின் மேல் சொல்லும் தீர்ப்பும் கலந்திருக்கிறது.

இறுதிப் பருவமாகிய சுவர்க்காரோகண பருவத்தில் தருமனுக்குக் கிடைக்கும் தண்டனையின் தன்மை இங்கே கருதத்தக்கது. துரோணரை வஞ்சித்ததற்காக அவன் எரிக்கப்படவில்லை, வதைக்கப்படவில்லை; நரகத்தைச் சிறிது நேரம் பார்க்கும்படி விதிக்கப்படுகிறான். அரசராக இருந்தோர் எவரும் நரகத்தைக் கண்டே தீரவேண்டும் என்று இந்திரன் அவனுக்கு விளக்குகிறான். அந்த விளக்கம் வருவதற்கு முன்பே, நாற்றமும் இருளும் தாங்காமல் திரும்ப முற்பட்ட தருமன், தன் தம்பியரும் திரௌபதியும் கர்ணனும் உள்ளிருந்து அழைக்கும் குரல்களைக் கேட்டு, தான் அங்கேயே இருக்கப்போவதாகத் தேவதூதனிடம் சொல்லி அவனைத் திருப்பி அனுப்பிவிட்டான்.