மூன்றும் இரண்டும்

அரியாங்குப்பத்து வீட்டுத் திண்ணையில் பேத்திக்குப் புளியங்கொட்டை வைத்துக் கூட்டல் சொல்லிக்கொடுத்தேன். மூன்றையும் இரண்டையும் சேர்த்து எண்ணி, "அஞ்சு, தாத்தா!" என்றாள். எண்ணித்தான் சொல்கிறாளா, மனப்பாடமா என்று பார்க்க, மறுமுறை அவளறியாமல் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் மறைத்துக்கொண்டேன். எண்ணினாள், நான்கு. மீண்டும் எண்ணினாள், நான்குதான். முகம் வாடிவிட்டது.

"எனக்கு எண்ணத் தெரியலே, தாத்தா."

கையை விரித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

சோதித்துப் பார்ப்பது தவறா என்று கேட்பீர்கள். "எத்தனை மறைத்தேன், சொல்" என்று கேட்டிருந்தால் அது விளையாட்டு. மறைத்ததையே மறைத்தது ஏமாற்று. அவளோ என்னைச் சந்தேகிக்கவில்லை, தன்னையே சந்தேகித்தாள்.

எங்கள் ஊரை ஒட்டி, ஆற்றங்கரையில் இருக்கிறது அரிக்கமேடு. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. மணி செய்யும் தொழிலுக்கும் பேர்போன இடம் அது. கடல் கடந்து வந்த சரக்குக்கு மணிகளை எண்ணிக் கொடுத்தவர்களும் வாங்கியவர்களும், வைத்தது வைத்தபடி இருக்கும் என்று நம்பித்தானே எண்ணியிருப்பார்கள்?

கூட்டலுக்கும் முந்திய பாடம் அந்த நம்பிக்கை. அதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவளிடமே இருந்தது. அதில் ஒன்றைக் கழித்தவன் நான்.