திருவனந்தாழ்வானும் கண்ணாடி மனையும்

ஸ்ரிய:பதியான எம்பெருமான் திருப்பாற்கடலில் பள்ளிகொண்டருளும் திருக்கோலத்தை நினைக்கும்போதே, அவனைத் தாங்கி நிற்கும் திருவனந்தாழ்வானும் நெஞ்சில் எழுந்தருளுகிறான். திருவரங்கத்தில் அரவணைமேல் சேவை சாதிக்கும் பெருமானைத் தொழுது கண்ணீர் மல்கும் அடியவரே, தம் வீட்டு முற்றத்தில் ஓர் அரவம் ஊர்ந்து வரக் காணின் கம்பைத் தேடி ஓடுகின்றனர். கோயிலில் வணக்கமும் வாசலில் அடியும் நெடுங்காலமாக நம்மிடையே உள்ளவை. இக்காலத்தில் மூன்றாவதாக ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. அது பாம்பை விலைக்கு வாங்கி, அதற்கென அழகிய கண்ணாடி மனை ஒன்று சமைத்து, அதில் அடைத்து வளர்ப்பதாகும்.

மேலைநாடுகளில் இது பெருவழக்கு. வளர்ப்போர் தத்தம் கற்பனைக்கேற்ப அம்மனையை அலங்கரிக்கின்றனர். ஒருவர் பாழடைந்த கோயிலைப் போல் சிறு தூண்களை நிறுத்துகிறார். மற்றொருவர் பாலைநிலத்தைப் படைக்கிறார். வேறொருவர் பொய்ப்பாறை அடுக்கி, அதன்மேல் நீர் விழச் செய்து, பல நிற விளக்கேற்றி மகிழ்கிறார். நம்மவர் மக்களும் வேலையின்பொருட்டு அந்நாடுகளில் வாழ்வதால் இவ்வழக்கம் நமக்கும் புதிதன்று.

குத்துக்கல்வலசையிலிருந்து அயல்நாடு சென்ற ஓர் இளைஞன், அந்நாட்டுச் சட்டம் இடங்கொடுக்க, ஒரு மலைப்பாம்பை வாங்கினான் என்று வைத்துக்கொள்வோம். ஊர் நினைவு மாறாத அவன், அதற்கெனக் குற்றால அருவியைப் போலவே ஒரு மனை கட்டி, நடுவே பள்ளிகொண்ட பெருமானின் சிறு பிரதிமையையும் வைக்கிறான். “சேஷனுக்கு மனை கட்டினேன், இது புண்ணியந்தானே?” என்று தன் தந்தைக்கு எழுதுகிறான். திருவிழாவுக்கு வந்த தந்தை அக்கேள்வியைக் கோயிலில் வந்து கேட்கிறார். அவருக்கு என்ன விடை கூறுவது? இதனைச் சாஸ்திரத்தின் துணைகொண்டு ஆராய்வோம்.

சேஷன் என்னும் சொல்லிலேயே விடையின் வித்து உள்ளது. பிறனுக்கு மேன்மை விளைப்பதையே தன் இயல்பாகக் கொண்டது எதுவோ அது சேஷம் என்றும், அம்மேன்மையைப் பெறுவோன் சேஷி என்றும் எம்பெருமானார் வேதார்த்த ஸங்க்ரஹத்தில் விளக்கியருளினார். சித்தும் அசித்துமாகிய அனைத்தும் எம்பெருமான் ஒருவனுக்கே சேஷம். மனிதனும் சேஷன், மலைப்பாம்பும் சேஷன். இவ்விருவருள் ஒருவன் மற்றவனைத் தன் மேன்மைக்கும் தன் வீட்டின் எழிலுக்கும் உரிய பொருளாகக் கொள்வானாயின், அவன் சேஷியின் இடத்தில் தன்னை அமர்த்திக்கொண்டவனாவான். “என்னுடையது” என்னும் மமகாரம் இதுவேயன்றோ!

“அங்ஙனமாயின், எம்பெருமானையே கோயில் என்னும் மனையில் எழுந்தருளப் பண்ணித் திருக்காப்பிடுகிறோமே, அது மட்டும் தகுமோ?” என்று ஒருவர் வினவக்கூடும். அர்ச்சாவதாரத்தில் பெருமான் அர்ச்சகனுக்கு வசப்பட்டிருப்பது அவனுடைய ஸங்கல்பத்தால். திருவனந்தாழ்வான் அணையாகவும் குடையாகவும் ஆசனமாகவும் இருப்பதும் அவன் தானே உகந்து ஏற்ற கைங்கர்யம். கண்ணாடி மனையில் கிடக்கும் பாம்போ அங்கே வரவேண்டும் என்று இச்சித்ததில்லை. ஆகவே இவ்வுவமை பொருந்தாது.

ஆயினும் கோயில் கைங்கர்யத்திலிருந்து கற்கவேண்டிய பாடம் ஒன்று உண்டு. கோடையில் பெருமானுக்குச் சந்தனக்காப்பும் பானகமும் ஸமர்ப்பிக்கின்றனர். மார்கழிக் குளிரில் போர்வை சாற்றுகின்றனர். செய்பவனுக்கு எது பிடிக்கும் என்பது அங்கே அளவன்று. ஏற்பவனுடைய திருமுகம் மலர்வதே அளவு. மனை எழுப்புவோரெல்லாம் இவ்வளவுகோலைக் கையிற் கொள்ளவேண்டும்.

பாம்பின் தேவை யாது? அதன் உடல் தானே வெப்பத்தை உண்டாக்கிக் காத்துக்கொள்ள வல்லதன்று. வெயிலில் கிடந்து சூடேறியும் நிழலில் ஒதுங்கித் தணிந்தும் அது உயிர்வாழ்கிறது. ஆதலின் மனையின் ஒரு பக்கம் வெம்மையாகவும் மறுபக்கம் தண்மையாகவும் இருத்தல் வேண்டும். அஞ்சினால் பந்துபோல் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்புக்கு ஒருபுறம் ஏறத்தாழ 32 பாகை செல்சியஸும் மறுபுறம் 26 பாகையும் தகும் என்பர். இரு பக்கத்திலும் அது உடலை ஒடுக்கி மறைந்திருக்க இருண்ட பொந்துகள் வேண்டும். தோலுரிக்கும் காலத்தில் காற்றில் ஈரம் வேண்டும். முழு உடலையும் நீட்டிக் கிடக்க இடம் வேண்டும். பாம்புக்குப் புறச்செவி இல்லை. தரையின் அதிர்வை உடலால் உணர்கிறது. பிளந்த நாவை நீட்டி நீட்டி வாசனைத் துகள்களை வாய்க்குள் கொணர்ந்து உலகை அறிகிறது.

இவ்வுயிருக்குத் தூண்களின் சிற்பத்தாலும் விளக்கின் நிறத்தாலும் ஆவது யாது? பேரொளி அதன் மறைவைக் கெடுக்கிறது. காண்போர் எந்நேரமும் கண்டு களிக்கவேண்டும் என்று பொந்து வைக்காமல் விட்டால் அது ஓயாத அச்சத்தில் வாடுகிறது. சூடேற்றும் பொய்க்கல்லின்மேல் கிடந்து வயிறு வெந்துபோன பாம்புகளும் உண்டு. மனை அழகுதான், ஆனால் அவ்வழகு வெளியே நிற்பவனுக்காக ஆனது. புற்றுக்குப் பால் வார்க்கும் பக்தியிலும் இதனை எண்ணிப் பார்க்கலாம். பால் பாம்பின் உணவன்று. நீரின்றி வாடவிடப்பட்ட பாம்பு பாலை உறிஞ்சுவதை நம் பக்தியின் பயனாக எண்ணி மகிழ்வது பேதைமையாகும்.

இதனோடு வேறொரு மனையை ஒப்பிட்டுக் காண்க. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில், 1978-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உள்ளது. அங்கே நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்துவந்து, மணல் இட்ட மண்பானையில் வைத்து, வாயைத் துணியால் கட்டுகின்றனர். சில வாரங்களுக்குள் நான்கு முறை நஞ்சு எடுத்தபின், வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டிலேயே விட்டுவிடுகின்றனர். அந்நஞ்சைக் கொண்டே பாம்புக்கடிக்கு மருந்து ஆக்கப்படுகிறது. 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்நாட்டில் பாம்புக்கடியால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 58,000 பேர் மாண்டனர் என மதிப்பிட்டது. அப்பானையில் அலங்காரம் ஏதுமில்லை. ஆயினும் அதில் அடைபட்ட நாள்களுக்கு ஒரு முடிவு உண்டு. அதனால் பிழைத்த உயிர்களும் உண்டு. சிறைவைத்தல் என்பது அங்கும் சிறைவைத்தலே. அதனைச் செய்வோர் அதற்கு எல்லை வகுத்தனர் என்பதே வேற்றுமை.

கிருஷ்ணாவதாரத்தில் எம்பெருமான் காளியனை நடத்திய வகை இங்கு நினைக்கத்தக்கது. காளியன் யமுனையின் மடுவை நஞ்சாக்கினான். ஆயர்களும் பசுக்களும் துன்புற்றனர். கண்ணன் அவன் படங்களின்மேல் திருவடி பதித்து நர்த்தனம் செய்து, அவனுடைய செருக்கை அடக்கினான். நாகபத்தினிகள் வேண்ட, அவனைக் கொல்லாமல் விட்டான். அடங்கிய அரவத்தை ஆய்ப்பாடியில் கட்டிவைத்து ஆயர்குலத்தார்க்கு வேடிக்கை காட்டியிருக்கலாம், அதுவும் செய்திலன். கடலிடையே உள்ள ரமணகத் தீவுக்கு, காளியனின் பழைய இடத்துக்கே, சுற்றத்தோடு போகச் சொன்னான். பெரிய திருவடியின் பகையால் அன்றோ அவன் அவ்விடம் விட்டு ஓடிவந்தான்? தன் திருவடிச் சின்னம் தலைமேல் இருப்பதால் கருடன் இனித் துன்புறுத்தான் என்று அபயமும் அளித்தான். ஊரார்க்குத் துன்பம் நீங்கிற்று; பாம்புக்கும் தன் இடம் திரும்பக் கிடைத்தது. பாம்பின் திறத்தில் மனிதன் கொள்ளவேண்டிய நெறி இவ்வொரு லீலையிலேயே அடங்கியுள்ளது.

பாம்புக்கு மனை கட்டத் தெரியாது என்று எண்ணி நாம் கட்டித் தரவேண்டியதும் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் வாழும் ராஜநாகம், உலகிலுள்ள பாம்புகளுள் தானே கூடு கட்டும் இனமாக அறியப்படுவது. பெண் பாம்பு தன் உடலை வளைத்துச் சருகுகளைத் திரட்டி, மேடாக அடுக்கி, உள்ளே முட்டையிட்டுக் காவல் கிடக்கிறது. சருகு மக்கும் சூட்டில் முட்டைகள் பொரிகின்றன. பெருமழையிலும் உள்ளறை நனைந்து போவதில்லை. மேற்கு மலையின் ராஜநாகம் தனி இனமே என்று 2024-இல் அறிஞர் வகுத்து, கன்னட நாட்டு மக்கள் வழங்கும் ‘காளிங்கா’ என்னும் பெயரையே அதற்குச் சூட்டினர். காளிங்க நர்த்தனம் பாடும் நமக்கு அப்பெயர் எத்துணை இனிமை!

இனி, நம் நாட்டு நடைமுறை யாதெனின், 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நம் நாட்டுக் காட்டுப் பாம்புகளைப் பிடித்து வீட்டில் வளர்த்தல் குற்றம். அயல்நாட்டு இனங்களுள் பட்டியலில் அடங்கியவற்றை வைத்திருப்போர், 2022-இல் செய்த திருத்தத்தின்படியும் 2024-ஆம் ஆண்டு விதிகளின்படியும் அரசிடம் பதிவு செய்தல் வேண்டும். எனினும் ஆசை சட்டத்துக்கு அடங்குவதில்லை. 2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து திருச்சிராப்பள்ளி விமான நிலையம் வந்திறங்கிய ஒரு பயணியின் பையில் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் அடைபட்டிருக்கக் கண்டனர். அரவணைத் துயிலும் அரங்கன் எழுந்தருளியிருக்கும் நகரத்தின் வாயிலில், அரவின் குலத்தார் துணிமூட்டையைப்போல் வந்திறங்கிய காட்சியை எண்ணினால் நெஞ்சு நடுங்காதிருக்குமோ? கண்ணாடி மனையின் அழகைக் காண்போர், அதற்குப் பின்னே நீளும் இவ்வழியையும் காணவேண்டும்.

“பிழையை உணர்ந்தேன், இனி என் பாம்பைக் காட்டில் விட்டுவிடவா?” என்று அவ்விளைஞன் கேட்பானாயின், கூடாது என்பதே விடை. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், வளர்ப்பதற்கென்று ஆசியாவிலிருந்து கொண்டுபோன பர்மா மலைப்பாம்புகள் சில தப்பியும் சில கைவிடப்பட்டும் சதுப்புக்காட்டில் பெருகின. அக்காட்டின் சிற்றுயிர்களை அவை உண்டு தீர்த்தன. அவற்றைப் பிடிக்க வழி தேடியோர், 2017-இல் நம் இருளர் குலத்து மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் அங்கே அழைத்தனர். முதல் இரண்டு வாரங்களுக்குள் 13 மலைப்பாம்புகளை அவ்விருவரும் பிடித்தனர். 2023-இல் இருவர்க்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஒருவருடைய விளையாட்டு எத்தனை உயிர்க்கு நாசமாயிற்று, அதனைத் திருத்த எவ்வளவு தொலைவிலிருந்து துணை தேட நேர்ந்தது என்பதை நோக்குக.

ஆகவே அவ்விளைஞன் செய்யத்தக்கது வேறு. தன்னை அடைந்தவனைக் கைவிடேன் என்று விபீஷணாழ்வான் திறத்தில் பெருமாள் விரதம் பூண்டார். இப்பாம்போ தானே வந்து அடைந்ததன்று, இழுத்துவரப்பட்டது. எனில், அதனைக் காக்கும் கடன் மேலும் கனக்கிறதேயன்றிக் குறைவதில்லை. அம்மலைப்பாம்பு 20 அல்லது 30 ஆண்டுகள் வாழக்கூடியது. அதுவரை வெம்மையும் தண்மையும் இருளும் நீரும் குறையாமல் அளிக்கவேண்டும். அருவி விளக்கை அணைத்து, அவ்விடத்தில் ஒரு பொந்து வைக்கவேண்டும். பெருமானின் பிரதிமையை எடுத்துப் பூஜையறையில் எழுந்தருளப் பண்ணவேண்டும். பாம்பு கண்ணில் படாமல் மறைந்து கிடக்கும் நாளிலும் அவன் உள்ளம் குறைபடாதிருக்குமாயின், அன்று அம்மனை சேஷனுக்குக் கட்டிய மனையாகும். இன்னும் வாங்காதிருப்போர் வாங்காதிருத்தலே நன்று.

ஊரில் இருப்போர்க்கும் கடன் உண்டு. குத்துக்கல் என்பது நட்ட கல். வலசை என்பது இடம்பெயர்தல். நிற்பதற்கும் பெயர்வதற்கும் ஒருங்கே இடந்தரும் பெயர் இவ்வூர்க்கு வாய்த்திருக்கிறது. மேற்கே சாரல் பொழியும் குற்றால மலையிலிருந்து கீழே வயல்வரப்பு வரை, கரையான் எழுப்பிய புற்றுகளும் கற்குவியல்களும் வேலிப்புதர்களும் அரவங்களின் மனைகளே. அவற்றைக் காரணமின்றி இடிக்காதிருத்தல் பொருட்செலவில்லாத கைங்கர்யம். வீட்டுக்குள் பாம்பு வந்துவிடின் கம்பெடாமல் விலகி நின்று, தீயணைப்பு மீட்புப் படையினர்க்குச் சொல்லியனுப்புக. கடியுண்டவரைத் தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க.

திருவிழாவுக்கு எழுந்தருளியுள்ள அடியார்கள், சேஷ வாகனத்தில் உலாவரும் பெருமானைச் சேவிக்கும்போது இதனையும் நெஞ்சிற் கொள்வாராக. ஆயிரம் படங்களால் தன்னைத் தாங்குவோனின் குலம், பெயர் அறியாத ஒரு வரப்பின் பொந்திலும் அஞ்சாது உறங்குமாயின், அரவணையானின் திருவுள்ளம் உகக்கும் என்பதில் ஐயமில்லை.