ஆடாமல் உட்கார்ந்த நாட்கள்

ஐஸ் ஹாக்கியில் பந்து கிடையாது. 3 அங்குல அகலமும் 1 அங்குலத் தடிமனும் உள்ள கறுப்பு ரப்பர் வில்லை ஒன்றைத்தான் அடிக்கிறார்கள். ‘பக்’ என்று பெயர். பனித்தரையில் துள்ளாமல் வழுக்க வேண்டும் என்பதற்காக ஆட்டத்துக்கு முன்பு அதை உறைய வைத்து எடுத்துவருவார்கள். நல்ல அடியாக விழுந்தால் மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டிப் போகும். சில வருடங்களுக்கு முன் ஒரு குளிர்காலத்தில் சிகாகோ பக்கம் மகள் வீட்டில் இருந்தபோது இந்த ஆட்டத்தை முதல்முதலாகத் தொலைக்காட்சியில் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்வதே அதிகம். பக் என் கண்ணில் படவே இல்லை. மருமகன் சோபாவிலிருந்து எழுந்து கத்தினால் கோல் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்ததால் எழுந்து போகவும் வழியில்லை.

அந்த ஆட்டம் எனக்குக் கொஞ்சமாவது பிடிபட்டதென்றால் அதற்குக் காரணம் ஒரு குரல். வர்ணனையில் இரண்டு பேர். பாட் ஃபோலி என்பவர் யாரிடமிருந்து யாரிடம் பக் போகிறது என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே இருப்பார். விசில் ஊதி ஆட்டம் நின்றதும் இன்னொருவர் நுழைவார். கோல் விழுந்த காட்சி மறுபடி ஓடும். சட்டென்று அதை நிறுத்தி, திரையில் ஒரு வட்டம் போடுவார். வட்டம் கோல் போட்டவன்மேல் இருக்காது. அவனிடமிருந்து பத்தடி தள்ளி, எதிரணித் தடுப்பாளர் ஒருவரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சும்மா நிற்பதுபோல நிற்கும் ஒருவன்மேல் இருக்கும். அவன் அங்கே போய் நின்றதால்தான் இவனுக்கு வழி கிடைத்தது. அதற்குப் பிறகு நான் பக்கைத் தேடுவதை விட்டுவிட்டு, பக் இல்லாத இடங்களைப் பார்க்க ஆரம்பித்தேன். ஆட்டம் புரிய ஆரம்பித்தது.

அவர் பெயர் எடி ஓல்செக். 1966-இல் சிகாகோவில் பிறந்தவர். 17 வயதில் சரயேவோ குளிர்கால ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக ஆடினார். அதே 1984-இல், வட அமெரிக்கத் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீகான என்.எச்.எல்.-இன் அணிகள் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது மூன்றாவது ஆளாகப் பிறந்த ஊரின் பிளாக்ஹாக்ஸ் அணியே அவரை எடுத்துக்கொண்டது. முதல் பருவத்திலேயே 20 கோல். பிறகு டொரான்டோவுக்கு மாற்றினார்கள். 1987-88 பருவத்தில் அங்கே 42 கோல் போட்டார். வின்னிபெக், நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ், பிட்ஸ்பர்க் என்று சுற்றிவிட்டுக் கடைசியில் சிகாகோவுக்கே வந்து 2000-இல் நிறுத்தினார். மொத்தம் 1,031 ஆட்டங்கள், 342 கோல்கள். நிறுத்தும்போது வயது 33. நம் ஊரில் பலருக்கு வேலை நிரந்தரமாகிற வயது அது.

நல்ல கணக்குதான். ஆனால் என்னை நிற்க வைத்தது இந்த எண்களில் ஒன்றுமில்லை, 1993-94 பருவம்தான். நியூயார்க் ரேஞ்சர்ஸ் அந்த வருடம் 54 வருடத்துக்குப் பிறகு லீகின் வெற்றிக் கோப்பையான ஸ்டான்லி கோப்பையை வென்றது. ஓல்செக் அந்த அணியில் இருந்தார். இருந்தார் என்றால், பயிற்சிக்கு எல்லோரோடும் வருவார். ஆட்ட நாளில் அனேகமாகக் கோட்டு சூட்டு போட்டு அரங்கின் மேல்வரிசையில் உட்காருவார். பருவத்தில் ஆடியது 37 ஆட்டம். கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றில் ஒரே ஓர் ஆட்டம். இப்படி உடம்பைத் தயாராக வைத்துக்கொண்டு அழைப்புக்காகக் காத்திருக்கும் உபரி வீரர்களை அங்கே ‘பிளாக் ஏசஸ்’ என்பார்கள். சீட்டுக்கட்டுப் பெயர்தான், ஆனால் கையில் இறக்காமல் வைத்திருக்கும் சீட்டு.

ஸ்டான்லி கோப்பையில் வென்றவர்களின் பெயர்களைப் பொறிப்பார்கள். அதற்குக் குறைந்தபட்சம் இத்தனை ஆட்டம் ஆடியிருக்க வேண்டும் என்று விதி உண்டு. ஓல்செக்கும் மைக் ஹார்ட்மன் என்ற இன்னொருவரும் அந்தக் கணக்கில் வரவில்லை. அணி நிர்வாகம் லீகிடம் எழுதிக் கேட்டு இருவர் பெயரையும் சேர்க்க வைத்தது. அந்தக் கோடையில் கோப்பை தன் கையில் இருந்தபோது ஓல்செக் அதைக் குதிரை லாயத்துக்கு எடுத்துப்போய், அந்த வருட கென்டக்கி டெர்பியில் ஜெயித்த ‘கோ ஃபார் ஜின்’ என்ற குதிரைக்கு அதில் தீனி வைத்தார். குதிரைப் பந்தயப் பித்து அவருக்கு. அதையும் வீணாக்கவில்லை, பின்னாளில் தொலைக்காட்சியில் பந்தயக் குதிரைகளைப் பற்றியும் பேசுகிறவர் ஆனார்.

மற்றவர்கள் இந்த 1994 கதையைச் சொல்லும்போது ஒரு சோகமாகச் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. களத்தில் ஆடுகிறவன் 45 விநாடி ஓடுவான், பெஞ்சுக்கு வந்து மூச்சு வாங்குவான், மறுபடி ஓடுவான். அந்த 45 விநாடியில் அவனுக்குத் தெரிவது எதிரே இருப்பவனும் கையில் இருக்கும் மட்டையும்தான். 200 அடி நீளமும் 85 அடி அகலமும் உள்ள பனித்தரையை முழுசாகப் பார்க்க மேலே உட்கார வேண்டும். சும்மா வேடிக்கை பார்ப்பவன் உட்கார்ந்தால் போதாது. நாளைக்கு இறங்கச் சொன்னால் நான் எங்கே நிற்பேன் என்ற பதைப்போடு உட்கார வேண்டும். அவர் வேலை கற்றுக்கொண்டது ஆடாத அந்த நாட்களில்தான் என்பது என் ஊகம். ஆடிய ஆயிரத்துச் சொச்சம் ஆட்டங்கள் அவருக்குத் தகுதியைக் கொடுத்தன, கண்ணைக் கொடுத்தது அந்த மேல்வரிசை.

ஆட்டத்தில் உச்சம் தொட்டவர்களுக்கு இந்தக் கண் தானாக வந்துவிடுவதில்லை. வெயின் கிரெட்ஸ்கியைவிடப் பெரிய பெயர் ஐஸ் ஹாக்கியில் கிடையாது. அவர் நான்கு பருவம் ஃபீனிக்ஸ் அணிக்குப் பயிற்சியாளராக இருந்தார். ஒரு தடவைகூட அந்த அணி பிளேஆஃபுக்குள் நுழையவில்லை. தனக்குச் சுலபமாக வந்ததை அடுத்தவனுக்கு விளக்குவது கஷ்டம். தடுமாறிக் கற்றவனுக்குத்தான் எந்த இடத்தில் தடுமாறும் என்று சொல்லத் தெரியும்.

பயிற்சியாளர் வேலை என்ற பள்ளத்தில் ஓல்செக்கும் விழுந்தவர்தான். ஆட்டத்தை நிறுத்திய கையோடு பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் ஆட்டங்களுக்கு வர்ணனையாளர் ஆனார். மூன்று வருடம் மேலே உட்கார்ந்து தப்பு எங்கே என்று சரியாகச் சொன்னார். இவ்வளவு தெரிந்தவர் கீழே இறங்கிச் செய்யட்டுமே என்று 2003-இல் அவரையே தலைமைப் பயிற்சியாளர் ஆக்கிவிட்டார்கள். அதற்கு முன் எந்த அணிக்கும் பயிற்சியாளராக இருந்தவரல்ல. முதல் பருவத்தில் அணி லீகிலேயே கடைசி. அடுத்த வருடம் சம்பளத் தகராறில் லீகே நடக்கவில்லை. 2005-இல் 18 வயது சிட்னி கிராஸ்பி வந்து சேர்ந்தும் சரிப்படவில்லை. அந்த டிசம்பரில் வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். 113 ஆட்டங்களில் வென்றது 31.

கையில் நல்ல ஆட்கள் இல்லாத அணி, அது அவர் குற்றமில்லை என்று வாதிடலாம். வாதிடட்டும். மேலிருந்து பார்த்து ‘இவன் இங்கே நின்றிருக்க வேண்டும்’ என்று சொல்வதும், கீழே நின்று அவனை அங்கே நிற்க வைப்பதும் வேறு வேறு வேலைகள். ஒன்றில் கெட்டிக்காரன் என்பதால் மற்றதற்குத் தள்ளுவது எல்லா அலுவலகங்களிலும் நடக்கிறது. நல்ல வாத்தியாரைத் தலைமையாசிரியர் ஆக்கி இரண்டையும் இழந்த பள்ளிக்கூடங்களை நாம் பார்த்ததில்லையா? ஓல்செக் செய்த நல்ல காரியம், கூச்சப்படாமல் மைக்குக்குத் திரும்பியது. 2006-இலிருந்து சிகாகோவில் 16 வருடம் அதே இருக்கை. கூடவே தேசிய ஒளிபரப்பில் வர்ணனையாளர் மைக் எம்ரிக்கின் பக்கத்து நாற்காலி.

அந்த நாற்காலியின் கஷ்டம் கிரிக்கெட் பார்த்துப் பழகிய நமக்குச் சட்டென்று தெரியாது. கிரிக்கெட்டில் பந்துக்குப் பந்து இடைவெளி உண்டு. முன்னாள் வீரர் தான் அடித்த சதம் முழுவதையும் அதற்குள் சொல்லி முடிக்கலாம், சொல்லியும் விடுகிறார்கள். ஐஸ் ஹாக்கியில் விசிலுக்கும் அடுத்த பக் விழுவதற்கும் நடுவே கிடைப்பது சில விநாடிகள். ‘எங்க காலத்துல’ என்று ஆரம்பித்தால் அதற்குள் ஆட்டம் தொடங்கிவிடும். தன்னைப் பற்றிப் பேச நேரமில்லாத ஒரு வேலை! ஓய்வு பெற்ற எல்லோருக்கும் கொஞ்ச நாள் அதைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று எனக்கு ஆசை.

2017 ஆகஸ்டில் அவருக்குப் பெருங்குடல் புற்றுநோய், மூன்றாம் கட்டம் என்று தெரிந்தது. அறுவை சிகிச்சை, பிறகு கீமோ. கீமோக்களுக்கு நடுவே உடம்பு இடம் கொடுத்த நாட்களில் வந்து வர்ணனை சொன்னார். நோய் போய்விட்டது என்பதையும் 2018 மார்ச்சில் ஆட்டத்தின் நடுவே, மைக்கில்தான் சொன்னார். அதன் பிறகு கிடைத்த மேடையில் எல்லாம் கொலோனோஸ்கோபி செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிவருகிறார். 2022-இல் சிகாகோவை விட்டு சியாட்டில் கிராக்கன் ஒளிபரப்புக்குப் போனார். அடுத்தவன் கண்ணுக்குத் தெரியாததைக் காட்டிக்கொடுக்கும் வேலையை அவர் எந்த ஊரிலும் விடவில்லை.

இதை எழுதும்போது எங்கள் தெருவில் இருக்கும் ஒருவர் நினைவுக்கு வருகிறார். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கரண்ட் போனால் எல்லோரும் போனை எடுப்போம். அவர் வாசலுக்கு வந்து நின்று காதைக் கொடுப்பார். போன ஐப்பசி மழையில் பாதித் தெரு இருட்டாகக் கிடந்தபோது புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் டிரான்ஸ்பார்மரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான்.

“பியூஸ் எல்லாம் நல்லாத்தான் சார் இருக்கு” என்றான்.

“மூலை மில்லுல மோட்டார் சத்தத்தைக் கேளுங்க தம்பி. உறுமுது, சுத்தல. மூணு பேஸ்ல ஒண்ணு வரல. காத்துக்கு ஜம்பர் எங்கயாவது விட்டிருக்கும், மில்லுக்கு முந்துன கம்பத்தைப் பாருங்க.”

அங்கேதான் விட்டிருந்தது. பையன் மேலே ஏறியபோது இவர் கம்பத்தின் பக்கமே போகவில்லை. மில்லில் போய் மோட்டாரை அணைக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். 35 வருட வேலையில் கம்பம் ஏறிய நாட்களைவிட, கீழே நின்று மற்றவர் ஏறுவதைப் பார்த்த நாட்களில்தான் இதைக் கற்றேன் என்று ஒரு தடவை சொல்லியிருக்கிறார். அவருடைய பணி நிறைவு விழாவுக்கு நானும் போயிருந்தேன். சால்வை, சந்தன மாலை, வெள்ளி விளக்கு. ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள், அதிகாரிகள் பேசினார்கள். அவர் கைக்கு மைக் வந்தபோது நன்றி சொல்ல மட்டும் நேரமிருந்தது, சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.

இப்படி விழா நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். மைக்கை ஒரு மாதம் முன்னதாகவே அவர்கள் கையில் கொடுங்கள். எதிரே புதிதாகச் சேர்ந்த நான்கு பேரை உட்கார வையுங்கள். சால்வையைப் பிறகு போர்த்திக்கொள்ளலாம்.