நாளைத் தள்ளாதீர்கள், நேரத்தைத் தள்ளுங்கள்

சென்னை மராத்தான் ஜனவரியில். வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. நீண்ட தூர ஓட்டங்களை ஓடிச் சேர்க்க வேண்டிய வாரங்களும் வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிற வாரங்களும் ஒன்றே. ஊரின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் இந்த மூன்று மாதத்தில்தான் பெய்கிறது. ஆகவே, "மழை விடட்டும், ஆரம்பிக்கலாம்" என்று சொல்லாதீர்கள். மழை விடும்போது பந்தயம் வாசலில் நிற்கும்.

ஓய்வெடுத்தால் உடம்பு தேறும் என்பது இரண்டு நாளுக்குச் சரி. மூன்று வாரத்துக்குச் சரியில்லை. நன்றாகப் பயிற்சி பெற்ற வீரர்களைப் பயிற்சியை நிறுத்தச் சொல்லி அளந்த ஆய்வு ஒன்று 1984-இல் வெளியானது. ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறனில் 3 வாரத்தில் 7 விழுக்காடு போயிற்று. 8 வாரத்தில் 16 விழுக்காடு. அதைவிடக் கேடு அடுத்து வருவது. விட்டதைப் பிடிக்கிறேன் என்று மழை வெறித்த முதல் ஞாயிறே 25 கிலோமீட்டர் ஓடப் போவார்கள். சுமையை மறந்துபோன முன்னங்கால் எலும்பும் குதிகால் தசைநாணும் அன்றே பழிவாங்கும். சோம்பலுக்கு அபராதம் உண்டு. அதை ஒரே நாளில் கட்ட முடியாது.

இது ஒரு தவறு. இன்னொரு தவறு இதைவிடப் பெரியது: வீராப்பு. முழங்கால் தண்ணீரில் ஓடிப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "வராதவங்க எல்லாம் எங்கே?" என்று கேட்பவர் விளையாட்டு வீரர் அல்லர். அந்தக் கேள்விக்கு வெட்கப்பட்டு நாளை ஓடப்போகும் புதியவரின் உயிர் அவர் கணக்கில் வருகிறது. 2022 அக்டோபரில் சென்னையில் மூடாமல் கிடந்த மழைநீர் வடிகால் பள்ளத்தில் விழுந்து இளம் பத்திரிகையாளர் ஒருவர் இறந்தார். தரை தெரியாத தண்ணீரில் கால் வைக்காதீர்கள். அதில் எலியின் சிறுநீரும் கலந்திருக்கும். காலில் சின்னச் சிராய்ப்பு இருந்தால் போதும், எலிக்காய்ச்சல் உள்ளே வர. நனைந்த பின் ஓரிரு வாரத்தில் காய்ச்சலும் கடுமையான உடல்வலியும் வந்தால், தண்ணீரில் நடந்ததை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

மின்னலோடு பேரம் பேசாதீர்கள். மின்னல் வெட்டி 30 நொடிக்குள் இடி கேட்டால், அது சுமார் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கடற்கரையோ மைதானமோ, உடனே கட்டடத்துக்குள் போங்கள். மரத்தடி அடைக்கலம் ஆகாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆன பிறகே வெளியே வாருங்கள். தெருவோரம் திறந்து கிடக்கும் மின்பெட்டியையும் அறுந்து தொங்கும் கம்பியையும் கண்டால் விலகி ஓடுவதோடு கடமை முடியவில்லை. மின்வாரியத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள். திறந்த பள்ளத்துக்கு மாநகராட்சியின் 1913. விடியலில் ஊரை முதலில் பார்ப்பவர் நீங்கள். உங்களுக்குப் பின் அந்த வழியே பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள்.

வானிலை ஆய்வு மையம் சிவப்பு எச்சரிக்கை விடுத்த நாளில் சாலைக்கே போகாதீர்கள். அன்றைக்கும் பால் போடுபவரும் தூய்மைப் பணியாளரும் வேறு வழியில்லாமல் நனைகிறார்கள். விருப்பத்துக்கு ஓடப்போன உங்களைத் தேடி தீயணைப்பு வீரரும் அலைய வேண்டுமா?

அப்படியானால் பயிற்சி? நாளைத் தள்ளாதீர்கள், நேரத்தைத் தள்ளுங்கள், இடத்தை மாற்றுங்கள். இந்தப் பருவத்தில் கடலோரத்தில் மழை பெரும்பாலும் பின்னிரவிலும் விடியலிலும் வலுக்கிறது. காலை 5 மணிதான் ஓட்டம் என்ற பிடிவாதத்தை விடுங்கள். மதியமோ மாலையோ இடைவெளி கிடைக்கும். வானிலை ராடார் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மேட்டுப் பகுதியில், தெரிந்த தெருவில், ஒரு கிலோமீட்டர் வட்டத்தையே பத்து முறை சுற்றுங்கள். அலுப்பாக இருந்தால் இருக்கட்டும், 35-ஆவது கிலோமீட்டருக்கு அந்தப் பழக்கம் உதவும். வெளியே போகவே முடியாத நாளில் அடுக்குமாடிப் படிக்கட்டு இருக்கிறது; கயிறு தாண்டலாம், தொடைக்கும் இடுப்புக்கும் வலுப் பயிற்சி செய்யலாம். இடியில்லாத சாதாரணத் தூறலில் தயங்காமல் ஓடுங்கள். மே மாத விடியலில் 28 டிகிரியில் வெந்தவர்களுக்கு நவம்பரின் 23 டிகிரி வரம். வேகத்தை மட்டும் குறையுங்கள்: சாலையின் வெள்ளைக்கோடும் சாக்கடை மூடியும் மெட்ரோ பணிக்குப் போட்ட இரும்புத் தகடும் ஈரத்தில் வழுக்கும்.

பருத்திச் சட்டை வேண்டாம். நனைந்தால் கனத்துத் தோலை அறுக்கும். உராயும் இடங்களில் வாஸ்லின் தடவுங்கள். வீடு வந்ததும் விரலிடுக்கைத் துடைத்து உலர்த்தாவிட்டால் சேற்றுப்புண் ஒரு வாரத்தைத் தின்றுவிடும். ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்து, ஈரம் ஏறியதும் மாற்றி, மின்விசிறியடியில் வையுங்கள். முடிந்தால் இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போடுங்கள்.

பயிற்சியாளர்களே, உடற்கல்வி ஆசிரியர்களே, உங்களுக்குத் தனியாக ஒன்று: பிள்ளைகள் உங்கள் விசிலுக்குக் கட்டுப்பட்டவர்கள். வானம் கறுக்கும்போது அந்த விசிலை முதலில் ஊதி அவர்களை உள்ளே அனுப்புங்கள். வராத மாணவனைக் கோழை என்று ஒருநாளும் சொல்லாதீர்கள்.

இந்த வாரத்துக்கான அட்டவணையை இன்றே எடுங்கள். ஒவ்வொரு நாளுக்கும் எதிரே, மழை பெய்தால் என்ன செய்வேன் என்று இன்னொரு வரி எழுதுங்கள். எந்த வழியில் போகிறேன், எப்போது திரும்புவேன் என்று வீட்டில் சொல்லுங்கள். சொல்லிவிட்டுக் கிளம்புங்கள், சொன்ன நேரத்துக்குத் திரும்புங்கள்.